பிறந்த வீட்டுக் கோடி

கம்பம்
20.6.2007

மாமாவுக்கு,

செய்தி எனக்கு வந்தது பகல் பதினொன்று நாற்பதுக்கு. காற்றாலை உச்சியில் இருந்தேன். கீழேயிருந்த வாட்ச்மேன் வயர்லெஸ்ஸில், "சார், எறங்கி வாங்க" என்று மட்டும் சொன்னார். நீளமான ஏணி. இறங்குகிற வழியெல்லாம் கியர்பாக்ஸ் ஆயில் அளவை எழுதினேனா இல்லையா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கீழே வந்த பிறகுதான் மகா போய்விட்டதைச் சொன்னார்.

மயானத்து வளைவில் ஜீப்பிலிருந்து இறங்கி நின்ற நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனீர்கள். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் எஸ்டேட்டில் டவர் கிடைக்காது. கிடைத்தாலும் என் போனை எடுப்பீர்களா தெரியவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலக் கூட்டத்துக்காக மகா ஊர் மன்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். உடனே டிரைவர் சுருளிவேலை ஜீப்போடு மேலே அனுப்பினேன். மலையிலிருந்து வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். மூன்று மணிக்குள் நீங்களும் அத்தையும் வந்துவிடுவீர்கள் என்று இருந்தேன். நாலு ஆனது, ஐந்தும் ஆனது.

எதிர்வீட்டுப் பலவேசம் தாத்தா வாசலில் நின்று சத்தம் போட்டார். "சனிப் பொணம் தனியாப் போகாதுப்பா. விடிஞ்சா சனி. பொழுதோட எடுத்தாகணும். பொறந்த வீட்டுச் சேல மேல விழாமப் பொம்பளயத் தூக்கவும் கூடாது. எங்கனப்பா ஒம் மாமன் ஒச்சாண்டி?"

இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்தவர்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் இராசமலர் என்ற பெரியம்மா ஒரு புதுச் சேலையோடு உள்ளே வந்தார். மன்றத்தில் மகா அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்குப் போட வந்திருக்கிறார், நம் முறை அவருக்குத் தெரியாது. மன்றச் செயலாளர் சின்னக்கருப்பு கையைக் குறுக்கே நீட்டினார். "இது யாரு வீட்டுக் கோடி? பொறந்த வீட்டுக் கோடி வராம வேற துணி விழக் கூடாது."

நான் சொன்னேன்: "இவுகளும் பொறந்த வீடுதான். போடச் சொல்லுங்க."

அவர் போட்டார். தூக்கிவிட்டோம்.

30ஆம் தேதி கருமாதி. நீங்கள் வந்து நின்றால்தான் சரியாக நடக்கும். எனக்கு அம்மா இல்லை. அம்மாவுடன் பிறந்தவரும் நீங்கள்தான், மகாவைக் கொடுத்தவரும் நீங்கள்தான்.

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று தெரியவில்லை. அத்தை மழையில் நனையாமல் இருக்கட்டும்.

மதன்குமார்


வண்டன்மேடு
12.7.2007

மாப்பிள்ளை மதன்குமார் அவர்களுக்கு ஒச்சாண்டி எழுதிக்கொண்டது. நலம் என்று எழுத எனக்கும் வழியில்லை, நலமா என்று கேட்க உங்களுக்கும் வழியில்லை. அதை விடுவோம்.

கருமாதிக்கு நான் வரவில்லை என்று ஊரில் கேட்டிருப்பார்கள். பிறந்த வீட்டுக்காரர்கள்தான் எனக்கு முந்தியே வந்துவிட்டார்களே. அவர்களை மணையில் உட்கார வைத்துச் செய்திருப்பீர்கள்.

நான் வாங்கி வந்த கோடியைத் திரும்ப மலைக்கே கொண்டுவந்தேன். செத்தவளுக்கு எடுத்த துணி வீடு திரும்பக் கூடாது. நீங்கள் படித்தவர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் அத்தை அதை உள்ளே எடுக்க மாட்டேன் என்று வாசலில் மழையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் ஏலக்காட்டில் நானே குழி வெட்டிப் புதைத்தேன். மகளுக்கு ஒரு பிடி மண் போடாத கை அந்தத் துணிக்குப் போட்டது.

மன்றம் இருக்கிற இடம் என் அப்பா கொடுத்தது. நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்காரவும் பிள்ளைகள் படிக்கவும் கொடுத்தது. முகாம் ஆட்களை அங்கே சேர்க்காதே என்று மகாவிடம் அப்போதே சொன்னேன். கேட்கவில்லை. அதற்காகத்தான் போன தீபாவளிக்கு நான் இறங்கி வரவில்லை. மன்றத்து ஆவணிக் கூட்டத்தில் முகாம் ஆள் இனி அந்தப் படி ஏறக் கூடாது என்று சொல்வேன். சின்னக்கருப்புக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். இடம் கொடுத்த குடும்பத்து வார்த்தையைத் தட்டமாட்டார்கள்.

உச்சியில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்துக் கட்டவும்.

ஒச்சாண்டி


கம்பம்
15.7.2007

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கயிற்றைப் பார்த்துத்தான் கட்டுகிறேன். காற்று சீசன் என்பதால் லீவு இல்லை. போல்ட்டை முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாகப் பெயிண்டில் கோடு போட வேண்டும். கோடு இருக்கிறது, போட்டது நினைவில் இல்லை. மறுபடி முறுக்கிப் பார்க்கிறேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

மன்றத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. மகா இருந்தவரை நானும் அதிகம் போனதில்லை. அவள் போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான்தான் திறக்கிறேன், சாவி வீட்டில் இருப்பதால்.

நாற்காலியை அவள் ஜோடி ஜோடியாகப் போடுவாள். சொந்தக்காரருக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் உட்காரக் கூடாது. இளவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வயசாளி, ஊர்க்காரருக்குப் பக்கத்தில் ஒரு முகாம்காரர். திருப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகளை வைத்திருக்கிற நம் தெருக் கிழடுகளுக்குப் போனில் நம்பர் போடக் கற்றுக்கொடுப்பது முகாம் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது நம் தெருவில் காலேஜ் முடித்து வேலை தேடுகிறவர்கள். முகாம் வீடு ஒரே அறை. படிக்க வெளிச்சமும் இல்லை, இடமும் இல்லை.

பலவேசம் தாத்தாவுக்கு ஜோடி இராசமலர் அம்மா. ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டை. போன வாரம் இவர், "ஏத்தா, நீ சொல்ற பாரை மீனு எங்க வைகை அணையில கெடைக்குமா, கெடைக்காதா? ஒரே பேச்சாச் சொல்லு" என்றார். அந்தம்மா, "ஐயா, அது கடல் மீன். அணைக்கட்டிலை எப்பிடி வரும்? நீங்கள் வேணுமெண்டா பிடிச்சுக்கொண்டு வந்து விடுங்கோ, வளருதோ பாப்பம்" என்றது. தாத்தா அரை மணி நேரம் சிரித்தார். பொண்டாட்டி செத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் சிரிக்கவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்க முடிகிறது. வீட்டில் முடியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். அன்றைக்கு மேலே எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? சுருளிவேல் ஒரு மணி சுமாருக்கே உங்களிடம் சொல்லிவிட்டாராம். "சொல்லிட்டேன் சார்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வரமாட்டேன் என்கிறது.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மதன்குமார்


வண்டன்மேடு
2.8.2007

மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தைக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இங்கே அடைமழை. ஏலத்தில் அழுகல் விழுந்திருக்கிறது. மருந்தடிக்க ஒரு நாள் வெயில் கேட்டால் அதற்கும் வழியில்லை. அதனால் பதில் எழுதத் தாமதம்.

யோசித்துப் பார்த்தேன். ஊரைப் பகைத்துக்கொண்டு நீங்கள் தனியாக இருக்கக் கூடாது. அதனால் ஒரு வழி சொல்கிறேன். கூட்டத்தில் எழுந்து நின்று, "அன்னைக்கு எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, என்ன சொல்றோம்ன்னு தெரியாமச் சொல்லிட்டேன், மகாவுக்குப் பொறந்த வீடு ஒண்ணுதான்" என்று சொல்லுங்கள். வேறொன்றும் வேண்டாம். அபராதம் கிடையாது, காலில் விழுவதும் கிடையாது. பெண்டாட்டி செத்த அன்றைக்குப் புத்தி பேதலித்தது என்றால் யார் குற்றம் சொல்வார்கள்? நீங்கள் சொன்ன அடுத்த நிமிடம் நானே எழுந்து, மன்றம் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன். முகாம் பிள்ளைகள் அங்கேயே படிக்கட்டும்.

சொல்லவில்லை என்றால் பூட்டு.

காற்று காலத்தில் இருமல் வரும். வெந்நீர் குடிக்கவும்.

ஒச்சாண்டி


முகாம்
6.8.2007

தம்பி மதன்குமாருக்கு,

சுகமாய் இருக்கிறீங்களோ தெரியாது, சாப்பிடுறீங்கள் எண்டு பலவேசம் ஐயா சொன்னவர். நேரே வந்து கதைக்க எனக்கு முகம் இல்லை. அதாலைதான் எழுதுறன்.

எங்கடை பக்கம் செத்த வீட்டுக்குத் துணி கொண்டுபோறது ஒரு மரியாதை மட்டும்தான். உங்கடை முறையிலை அதுக்கு இவ்வளவு பாரம் இருக்கெண்டு அறிஞ்சிருந்தால் நான் வாசலோடை நிண்டிருப்பன். பெத்த தாய் வாறதுக்கு முன்னம் என்ரை கை முந்திப்போட்டுது. அது எனக்கு நெஞ்சிலை முள்ளு.

உங்கடை மாமனார் கேட்ட கதை எனக்கும் எட்டினது. தம்பி, அவர் சொன்னபடி சொல்லிவிடுங்கோ. புத்தி மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். வள்ளத்திலை ஏறி வந்த நாளிலை இருந்து எங்களை ஆரெண்டு மற்ற ஆக்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கினம். இன்னொருக்கால் சொன்னால் குறைஞ்சுபோகாது. பிள்ளையளுக்கு வாற பங்குனியிலை பரீட்சை. அந்த வெளிச்சம் அவைக்கு வேணும்.

மகா என்னை அம்மா எண்டு கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அதைக் கூட்டம் போட்டு ஒருத்தரும் எடுக்கேலாது.

ஒழுங்காய்ச் சாப்பிடுங்கோ.

இராசமலர்


வண்டன்மேடு
19.8.2007

மருமகனுக்கு இருளம்மா எழுதச் சொல்றது. பிள்ளைக் காப்பகத்து மாயக்கா டீச்சரு எழுதுறாக. நான் சொல்றத அப்படியே எழுதுங்கன்னுட்டேன், பெறகு எழுத்து அப்படி இருக்கு இப்படி இருக்குன்னு சிரிக்காத.

கஞ்சி தண்ணி குடிக்கிறியாய்யா? எம் மக இருந்தா கேப்பா. இப்ப நான் கேக்கேன்.

எனக்கு ஒண்ணு தெரியணும். அந்தச் சேல என்ன கலரு? உங்க மாமா என்னைய ஜீப்ப விட்டு எறங்க விடல. தூரத்துல நீலமாத் தெரிஞ்சது. நீலமா?

நீ மாமாவக் கேட்டியே எப்பக் கெளம்புனீகன்னு. அந்த மனுசன் சொல்ல மாட்டாரு. நான் சொல்லுதேன். சுருளிவேலு வந்து அழுதுக்கிட்டே சொன்னான். ஏறுங்க ஏறுங்கன்னு வண்டியத் திருப்பி நிப்பாட்டிட்டான். நான் அப்படியே கெளம்பிட்டேன், தலைகூட முடியல. இவரு சட்டைய மாட்டுனாரு, துண்டப் போட்டாரு, கட்டில்ல உக்காந்துட்டாரு. "பொறந்த வீட்டுக்குச் சாவு சொல்ல முறையான ஆளு ரெண்டு பேரு வரணும். வண்டிக்காரன விட்டுச் சொல்லுவாகளா? நான் என்ன கூலிக்காரனா? கூப்புட வரட்டும்"ன்னாரு. சுருளிவேலு பாத்தான் பாத்தான், போயிட்டான். ரெண்டு மணி, மூணு மணி. நான் கத்துறேன், அந்த மனுசன் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. நீ ஆளு அனுப்புவன்னு. நெசமா வருவாகன்னு நம்பித்தாய்யா உக்காந்திருந்தாரு. பெறகு நான் மழையில எறங்கி நடக்க ஆரம்பிச்சிட்டேன். அதப் பாத்துத்தான் ஓடியாந்து எஸ்டேட்டு ஜீப்ப மறிச்சாரு.

இத ஒனக்கு மட்டுந்தான் சொல்லுதேன். கூட்டத்துல இதச் சொல்லிப்புடாதய்யா. நீ செயிச்சிருவ. ஆனா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு சட்டைய மாட்டுறாரு.

நீலமான்னு மட்டும் எழுது.

இருளம்மா


கம்பம்
22.8.2007

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஜீப்பில் கொடுத்துவிடவில்லை. பலவேசம் தாத்தாவும், என் அப்பாவுடைய பங்காளி மகன் நாகராஜும் நேரில் கொண்டுவருகிறார்கள். தாத்தாவுக்கு வளைவு ரோட்டில் வாந்தி வரும். இருந்தாலும் நான் வரேன் என்று கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு நான் வேகத்தை மட்டும்தான் பார்த்தேன். எது சீக்கிரம் போகும் என்று பார்த்து ஜீப்பை அனுப்பினேன். முறையான ஆள் இரண்டு பேரை அதே ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். தோன்றவில்லை. அது என் தப்பு. யாரும் சொல்லி நான் இதை எழுதவில்லை, நானாக யோசித்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன வழியையும் யோசித்தேன். முகாம்காரர்களே சொல்லிவிடு என்கிறார்கள். ஒரு வரிதான், சொல்லிவிட்டால் கதவு திறந்திருக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன்.

மாமா, அந்த நாளில் எனக்கு எதுவுமே நினைவில்லை. யார் குளிப்பாட்டினார்கள், யார் தூக்கினார்கள், நான் நீர்க்குடத்தை எப்படிப் பிடித்தேன் என்று கேட்டால் தெரியாது. புத்தி பேதலித்ததெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் முழு நினைவோடு சொன்னேன். சின்னக்கருப்பு கை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. அன்றைக்கு மகாவுக்காக நான் செய்தது அது ஒன்றுதான். அதையும் நினைவில்லாமல் செய்தேன் என்று சொன்னால் எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

வேறு என்ன சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

உங்களுக்குச் சரியாகத் தூக்கம் இருக்கிறதா?

மதன்குமார்


வண்டன்மேடு
30.8.2007

மாப்பிள்ளைக்கு,

ரெண்டு ஆள் வந்தார்கள். டீ கொடுத்தோம். பெரியவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினோம்.

செத்துப் பத்து வாரம் கழித்து வருகிற மரியாதையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தூக்கம் இருக்கிறது. கூட்டத்துக்கு வருகிறேன்.

ஒச்சாண்டி


கம்பம்
10.9.2007

அத்தைக்கு,

மாயக்கா டீச்சர் இதை உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும்.

சேலை நீலம் இல்லை அத்தை. கத்திரிப்பூ நிறம். மெல்லிய சரிகைக் கரை. உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் நிறத்துக்கு மேல் வார்த்தை போகவில்லை.

நேற்று கூட்டம் நடந்தது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. முகாம்காரர்களை உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

சின்னக்கருப்பு ஆரம்பித்தார். "பொறந்த வீடு கண் முன்னால இருக்கையில, போற வாறவுகளப் பொறந்த வீடுன்னு சொன்னா நாளைக்கு யாரு யாருக்குக் கோடி போடுறது? பொண்ணு குடுக்கல் வாங்கல் என்னாகும்?"

பலவேசம் தாத்தா எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்து எழுந்தார். "ஏலே சின்னக்கருப்பு, சும்மா பொறந்த வீடு பொறந்த வீடுங்காத. ஒச்சாண்டி, நீயே சொல்லுய்யா. ஒரு மணிக்கே சேதி வந்துருச்சுல்ல? நீ ஏன் அஞ்சரைக்கு வந்த?"

மாமா தாத்தாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

நான் சொன்னேன்: "ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு தாத்தா. வெட்டி எடுக்க அவ்வளவு நேரமாயிருச்சு."

சுருளிவேல் வாசலில் நின்றவர், நான் பார்க்காமலே, "ஆமா, பெரிய மரம்" என்றார். கூட்டத்தில், அடடா, ஆனி மாச மழையில அந்த ரோடு அப்படித்தான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் தானும் அன்றைக்கு மாட்டிக்கொண்டதாகவே சொன்னார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். "நெனவு இல்லாமச் சொன்னியாப்பா?"

"நெனவோடதான் சொன்னேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு."

மாமா எழுந்து ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் எழுந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வேப்பமரத்தடியில் இராசமலர் அம்மா நின்ற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தம்மா ஒதுங்கி நின்றது. இவரும் ஒதுங்கினார். ரெண்டு பேரும் ஒதுங்கியதில் வழியில் யாருமே இல்லை.

மாமா பேசாமல் போனதையே சின்னக்கருப்பு பதிலாக எடுத்துக்கொண்டார். ஒச்சாண்டி தன் வாயால் இந்த இடத்தில் நின்று சொல்கிற வரைக்கும் மன்றத்துக்குப் பூட்டு, யாருக்கும் கிடையாது என்று முடிவு. சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

மாமாவிடம் எதையும் கேட்க வேண்டாம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

மதன்குமார்


வண்டன்மேடு
23.9.2007

மதனு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு மூன்று வருசம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு இந்தப் பெயரே மறந்துவிட்டது.

இங்கே எல்லாரும் என்னிடம் மரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் வழியாக எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. எந்த இடத்தில் விழுந்தது, என்ன மரம், யார் வந்து அறுத்தது என்று கேட்கிறார்கள். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டரிடம் செக்போஸ்டுக்குக் கீழே என்று சொன்னேன். டீக்கடையில் அதற்கு மேலே என்று வந்துவிட்டது. அன்றைக்கு அந்த ரோட்டில் ஜீப் ஓட்டினவர்கள் நாலு பேர் இங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாவம் மகளைப் பறிகொடுத்தவன் என்று என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உன் அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

நீ சொன்ன மரம். எந்த வளைவு என்று நீயே ஒரு இடத்தைச் சொல்லிவிடு. அதையே சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, டவர் கிடைக்கிற மலை மெட்டுக்கு வந்து ரைட்டர் போனிலிருந்து உன்னைக் கூப்பிடுகிறேன். மன்ற விசயத்தையும் பேசி முடித்துவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை, முகாம் பிள்ளைகள் வரட்டும் என்று உன்னிடம் சொல்கிறேன், நீ சின்னக்கருப்பிடம் சொல்லிவிடு. நான் இறங்கி வருகிற மாதிரி இல்லை. அந்த முகங்களுக்கு முன்னால் இன்னொரு தரம் நிற்க என்னால் ஆகாது.

போனைக் கையிலேயே வைத்திரு. இங்கே லைன் அடிக்கடி அறுந்துவிடும்.

உன் மாமன்


கம்பம்
27.9.2007

மாமாவுக்கு,

அத்தையைத் தேட வேண்டாம். நேற்று மத்தியானம் சுருளிவேல் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். இங்கேதான் இருக்கிறார்கள். உங்கள் பிரஷர் மாத்திரை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், காலையில் ஒன்று. குழம்பு இரண்டு நாளைக்கு வைத்துவிட்டு வந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்குத் தீர்ந்திருக்கும்.

வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அந்தம்மா எங்கனய்யா?" என்றுதான் கேட்டார்கள். முகாமுக்குக் கூட்டிப்போனேன். சண்டை வரும் என்று நினைத்தேன். இராசமலர் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கும், எழுந்து சுவரோடு ஒட்டி நின்றது. அத்தை அதன் கையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டார்கள். "எம் மக நல்ல ஒசரம். சேல காலு வரைக்கும் பத்துச்சா?"

"மூடினது அக்கா. பாதம் தெரிஞ்சது, நான் குனிஞ்சு இழுத்துச் சரிபண்ணினனான்."

"காத்துல வெலகலையே?"

"இல்லை அக்கா. ரெண்டு பக்கமும் செருகிவிட்டனான்."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முகாம் குழாயடிக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். யார் யாரோ வந்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசியம் இனி இல்லை என்று நினைக்கிறேன்.

மன்றம் பூட்டியே இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை என் வீட்டு மாடியில் நாற்காலி போட்டோம். பாதியில் மழை வந்து கலைந்துவிட்டது. முகாம் பிள்ளைகள் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அதனால் நாளைக்கு மன்றத்துக்கே போகிறோம். பூட்டின கதவுக்கு வெளியே, வாசலில் நாற்காலி போடப்போகிறேன். பலவேசம் தாத்தா தெருவையே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சின்னக்கருப்பும் சாவியோடு வருவார். வந்து பூட்டுக்கு முன்னால் நிற்பார். நீங்களே அந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும் என்பது கூட்டத்து முடிவு. நான் போய், மாமா போனில் சரி என்றார் என்றால் திறக்க மாட்டார். திறக்கவும் கூடாது.

எந்த வளைவு என்று என்னைக் கேட்காதீர்கள் மாமா. அன்றைக்கு ஒரு நாளைக்கு, அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அந்த மரத்தை நான் போட்டேன். அதை நீங்கள் காலமெல்லாம் சுமக்க வேண்டாம். இங்கே வந்து நின்று என்ன சொல்ல முடிகிறதோ அதைச் சொல்லுங்கள். மரத்தைப் பற்றிச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. உங்களுக்கு ஒரு பக்கம் நானும் இன்னொரு பக்கம் அத்தையும் நிற்போம்.

சுருளிவேல் நாளைக்கு நாலு மணிக்கு உங்கள் லயத்து வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பார். சாரல் இருக்கும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்காருங்கள். மெட்டில் வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டாம். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். போனை அணைத்து வைத்துவிட்டேன்.

மதனு